பழைய நாஸ் கிட் வாங்கி காரில் பொருத்தலாமா? காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

“நாஸ் ஃபுல் செட். பாட்டில் காலி. மற்ற சாமான் எல்லாம் நல்ல கண்டிஷன். வந்து பார்த்துட்டு எடுத்துக்கலாம்.”

பழைய பொருள் விற்கும் தளங்களில் கார் உதிரிபாகங்களைத் தேடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டிருக்கும். படத்தில் ஒரு நீல நிற பாட்டில். பக்கத்தில் சுருட்டி வைத்த குழாய், கொஞ்சம் வயர், இரண்டு சின்ன சொலினாய்டுகள். புதுசு வாங்குவதைவிட விலை நிறையவே குறைவு. ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ படம் 2001-இல் வந்தது. ஒரு பட்டனை அமுக்கினால் கார் அம்பு மாதிரி பாயும் என்ற எண்ணம் அன்றிலிருந்து பல பேர் மனசில் பதிந்துவிட்டது.

பட்டனை அமுக்கினால் கார் பாயும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது? யாரோ கழற்றிப் போட்ட ஒரு கிட் உங்கள் காரில் அதே வேலையைச் சரியாகச் செய்யுமா? நம் சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நேரம் இல்லை என்றால் இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். ஒன்று, தினமும் சாலையில் ஓட்டும் காருக்கு இது வேண்டாம். இரண்டு, பந்தயத் தடத்தில் ஓட்டும் காருக்குப் பொருத்துவதாக இருந்தாலும், எஞ்சினைக் காப்பாற்றுவது அந்த வாயு இல்லை. அதோடு சேர்ந்து போக வேண்டிய பெட்ரோல்தான்.

நாஸ் என்றால் என்ன?

நாஸ் என்பது உண்மையில் ஒரு பிராண்டின் பெயர். நைட்ரஸ் ஆக்சைடு சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1978-இல் தொடங்கப்பட்டது. அந்தப் பெயரின் சுருக்கமே நாளடைவில் எல்லா நைட்ரஸ் கிட்டுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. இந்தக் கட்டுரையில் வாயுவை ‘நைட்ரஸ்’ என்றே சொல்வோம்.

பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ‘சிரிப்பு வாயு’வும் இதே நைட்ரஸ் ஆக்சைடுதான். இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் இதைப் போர் விமானங்களில் பயன்படுத்தினார்கள். உயரே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். எஞ்சினுக்கு ஆக்சிஜன் போதாது. அந்தக் குறையை நைட்ரஸ் ஈடுகட்டியது.

கார் எஞ்சினிலும் இதே கணக்குதான். எஞ்சின் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். நாம் சுவாசிக்கும் காற்றில், எடைக் கணக்கில், சுமார் 23 விழுக்காடுதான் ஆக்சிஜன். நைட்ரஸில் அது 36 விழுக்காடு. எஞ்சின் சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டில் நைட்ரஸ் உடைந்து இந்த ஆக்சிஜன் வெளியே வருகிறது. பாட்டிலில் இருந்து திரவமாக வந்து ஆவியாகும்போது அது உள்ளே போகும் காற்றையும் நன்றாகக் குளிர வைக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதனாலும் கொஞ்சம் சக்தி கூடும்.

இங்கே பல பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. நைட்ரஸ் எரிபொருள் இல்லை. அது தானாக எரியாது, எரிய வைக்கத்தான் உதவும். கூடுதல் சக்தி வருவது கூடுதலாக எரியும் பெட்ரோலில் இருந்து. பாட்டில் அந்தப் பெட்ரோலுக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

பெட்ரோல் குறைந்தால் என்ன ஆகும்?

சாதாரணமாக 1 கிராம் பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். நைட்ரஸாக இருந்தால் சுமார் 9.5 கிராம் போதும்.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். 100 குதிரைத்திறன் கூட்ட, 10 விநாடிக்குச் சுமார் 360 கிராம் நைட்ரஸ் செலவாகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 50 குதிரைத்திறன் என்றால் 180 கிராம். அந்த 180 கிராமோடு குறைந்தது 19 கிராம் பெட்ரோல் அதே 10 விநாடிக்குள் கூடுதலாகப் போயாக வேண்டும். பாதுகாப்புக்காக இதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விடுவார்கள்.

அந்த 19 கிராமில் பாதிதான் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் மிச்சம், எரிபொருள் பற்றாக்குறை. உள்ளே வெப்பம் எகிறும். எரிய வேண்டிய நேரத்துக்கு முன்பே அங்கங்கே தானாக வெடிக்கத் தொடங்கும். இதைத்தான் ‘நாக்கிங்’ என்கிறோம். ஸ்பார்க் பிளக்கின் முனை உருகும். ஹெட் கேஸ்கெட் போகும். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். இதற்கெல்லாம் சில விநாடிகள் போதும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, நீங்கள் காலை எடுப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

பழைய கிட்டில் இருக்கும் உண்மையான ஆபத்தும் இதுதான். நைட்ரஸ் பக்கம் சரியாக வேலை செய்து, பெட்ரோல் பக்கம் மட்டும் அடைத்துக்கொண்டால் கார் ஒரு கணம் சூப்பராகத்தான் இழுக்கும். அடுத்த கணம் புகை.

கிட்டில் என்னென்ன இருக்கும்?

எந்த பிராண்டாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

• பாட்டில்: நைட்ரஸ் திரவமாக, அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும் அலுமினியத் தோங். பரவலாக விற்பது 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ பிடிக்கும் அளவு.

• குழாய்: பாட்டிலில் இருந்து எஞ்சின் வரை போகும், எஃகு இழை பின்னிய குழாய்.

• சொலினாய்டு: மின்சாரம் வந்தால் திறந்து, நின்றால் மூடும் வால்வு. நைட்ரஸுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று.

• ஜெட்: நடுவில் மிகச் சிறிய துளை உள்ள பித்தளைத் துண்டு. எவ்வளவு நைட்ரஸ், எவ்வளவு பெட்ரோல் என்பதை இந்தத் துளையின் அளவுதான் முடிவு செய்கிறது.

• நாசில்: காற்றுக் குழாய்க்குள் தெளிக்கும் முனை.

• மின் பாகங்கள்: மெயின் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் மட்டும் இணையும் இன்னொரு சுவிட்ச்.

கிட்டில் இரண்டு முக்கிய வகை உண்டு. ‘வெட்’ கிட்டில் நைட்ரஸும் பெட்ரோலும் ஒரே நாசில் வழியாகச் சேர்ந்து போகும். ‘டிரை’ கிட்டில் நைட்ரஸ் மட்டும்தான் போகும். கூடுதல் பெட்ரோலை காரின் சொந்த இன்ஜெக்டர்கள் தர வேண்டும். அதற்கு ஈசியு-வின் கணக்கை மாற்ற வேண்டும், அல்லது எரிபொருள் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் டிரை கிட் வந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். முந்தைய காரில் அது வேலை செய்ததற்குக் காரணம் அந்த காரின் இன்ஜெக்டரும் டியூனிங்கும். அவை இரண்டும் பெட்டிக்குள் வராது.

நம் ஊர் வெயில் ஏன் முக்கியம்?

குளிர்நாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களில் பாட்டிலுக்கு ஹீட்டர் மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். குளிரில் பாட்டில் அழுத்தம் இறங்கிவிடும் என்பதால் அவர்களுக்கு அது தேவை. நமக்கு இருக்கும் பிரச்சினை நேர் எதிரானது.

பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது. 20 பாகை செல்சியஸில் சுமார் 730 பிஎஸ்ஐ. 30 பாகையில் சுமார் 915. பெரும்பாலான கிட்டுகள் 900 முதல் 1,000 பிஎஸ்ஐ வரை உள்ள அழுத்தத்தை மனதில் வைத்துத்தான் ஜெட் அளவைப் பரிந்துரைக்கின்றன. நம் ஊரில் நிழலில் வைத்தாலே அந்த அளவுக்கு வந்துவிடும்.

36.4 பாகையைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாக இருக்க முடியாது. பாட்டிலுக்குள் இருப்பது முழுக்க அடர்ந்த வாயுவாகிவிடும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அழுத்தம் வேகமாக ஏறும். மத்தியான வெயிலில், கடைத்தொகுதிக்கு வெளியே கண்ணாடியை ஏற்றி நிறுத்திய கார் இந்த அளவைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும்.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது பாதுகாப்பு. அழுத்தம் எல்லை மீறினால் பாட்டில் வால்வில் உள்ள பாதுகாப்புத் தகடு உடைந்து மொத்த வாயுவும் ஒரே மூச்சில் வெளியேறும். தகடு இருப்பதே அதற்காகத்தான். அந்த வாயு கார் உள்ளே நிறைந்தால் ஓட்டுபவருக்கு மூச்சு முட்டும். அதனால்தான் அந்தத் தகட்டில் இருந்து காருக்கு வெளியே போகும்படி ஒரு தனிக் குழாய் வைக்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது சிக்கலை நிறைய பேர் கவனிப்பதில்லை. பாட்டில் சூடாக இருந்தால் அதே ஜெட் வழியாக அதிக நைட்ரஸ் போகும். ஆனால் பெட்ரோல் அழுத்தம் மாறாது. அதாவது காலையில் சரியாக இருந்த கலவை மத்தியானம் பெட்ரோல் குறைந்த கலவையாகிவிடும். ஒரு பிரஷர் கேஜ் இல்லாமல் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பாட்டிலை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவது உயிரோடு விளையாடுவது. நைட்ரஸ் உடையும்போது வெப்பம் வெளிப்படும். சூழ்நிலை சரியில்லை என்றால் அதுவே வெடிக்கும். 2007 ஜூலையில் அமெரிக்காவின் மொஹாவியில், ஒரு விண்வெளி நிறுவனம் ராக்கெட்டுக்கான நைட்ரஸ் ஆக்சைடு ஓட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்தது. நெருப்பே பற்ற வைக்காத சோதனை அது. வெடிப்பு ஏற்பட்டு மூன்று பேர் உயிரிழந்தார்கள். கார் பாட்டில் அதைவிடப் பல மடங்கு சிறியதுதான். ஆனால் வாயு அதே வாயு.

பழைய கிட்: எதைப் பார்ப்பது, எதைத் தூக்கிப் போடுவது?

பேரம் பேசும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. பாட்டிலின் தேதி. பாட்டிலின் தோள் பகுதியில் எழுத்துகளும் எண்களும் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் ‘3ஏஎல்’ என்ற அலுமினிய வகைக் குறியும், ‘1800’ என்ற வேலை அழுத்த அளவும், மாதமும் ஆண்டும் இருக்கும். அந்த முறைப்படி 5 ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்து, புதுத் தேதி பொறிக்க வேண்டும். கடைசித் தேதி 5 ஆண்டு தாண்டியிருந்தால், சோதனை செய்யும்வரை அதை நிரப்பக்கூடாது. தேதியே தெரியவில்லை, தேய்த்து எடுத்திருக்கிறார்கள் என்றால் பேச்சே வேண்டாம்.

2. பாட்டிலின் உடம்பு. நசுங்கல், ஆழமான கீறல், வெல்டிங் தடயம், தீப்பட்ட அடையாளம் இருந்தால் வாங்காதீர்கள். புதுப் பெயின்ட் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். சில பெயின்ட் வகைகளைச் சூளையில் வைத்துச் சுடுவார்கள். அந்தச் சூடு அலுமினியத்தின் பலத்தையே குறைத்துவிடும்.

3. வால்வும் பாதுகாப்புத் தகடும். தகடு இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண போல்ட் போட்டு அடைத்திருந்தால், அந்த விற்பனையாளரிடம் வேறு எதையும் வாங்காமல் திரும்புங்கள். பாட்டில் காலியாக இருந்தாலும் வால்வு மூடியிருக்க வேண்டும். திறந்தே கிடந்தால் ஈரமும் தூசியும் உள்ளே போயிருக்கும்.

4. சொலினாய்டு. 12 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’ என்று சத்தம் வரும். அது வெறும் ஆரம்பம். உள்ளே இருக்கும் சீல்தான் முக்கியம். பெட்ரோல் சொலினாய்டைப் பல மாதம் சும்மா போட்டு வைத்தால் மிச்சப் பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். திறக்காது, அல்லது பாதிதான் திறக்கும். நைட்ரஸ் சொலினாய்டின் சீல் தேய்ந்திருந்தால் மூடிய பிறகும் கசியும். கசிந்த நைட்ரஸ் காற்றுக் குழாயில் சேர்ந்திருக்கும். அடுத்த முறை காரை ஸ்டார்ட் செய்யும்போது அது வெடித்துக் காற்றுக் குழாயையே பிளந்துவிடலாம். சொலினாய்டு உடம்பு நன்றாக இருந்தால், உள்ளே இருக்கும் சீல்களை அதே நிறுவனத்தின் ரிப்பேர் கிட் வாங்கி மாற்றுங்கள். தனித்தனியாக வாங்கிச் சேர்த்த ஜோடி என்றால் வேண்டாம்.

5. ஜெட். ஒவ்வொரு ஜெட்டிலும் ஓர் எண் இருக்கும். ஒரு நைட்ரஸ் ஜெட்டுக்கு எந்தப் பெட்ரோல் ஜெட் ஜோடி என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். ஒரு பிராண்டின் எண்ணை இன்னொரு பிராண்டின் அட்டவணையோடு ஒப்பிடாதீர்கள். துளை அடைத்திருக்கிறது என்று ஊசியால் குத்தவே கூடாது. துளை ஒரு முடியளவு பெரிதானாலும் கணக்கு மாறிவிடும். ஜெட்டின் விலை குறைவுதான். புது ஜோடி வாங்குங்கள்.

6. குழாய். மடங்கிய தடம், பிரிந்த இழை இருந்தால் மாற்றுங்கள்.

7. வயர், ரிலே, சுவிட்ச். பழசைத் தூக்கிப் போடுங்கள். இவற்றின் விலைக்காக ரிஸ்க் எடுக்கத் தேவையில்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். பாட்டில் சோதனை, சீல், ஜெட், வயர், கேஜ், ஒருவேளை குழாய். ‘லாபம்’ என்று நினைத்ததில் எவ்வளவு மிஞ்சுகிறது? பல நேரங்களில், பழைய கிட்டில் காசுக்கு மதிப்பாக மிஞ்சுவது தேதி முடியாத பாட்டிலும் சொலினாய்டின் உடம்பும் மட்டும்தான். அந்த இரண்டும் தேறவில்லை என்றால் மொத்தமும் தேறவில்லை.

எஞ்சின் தாங்குமா?

2017-இல் அறிமுகமான மைவி 1.5-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் 102 குதிரைத்திறன் தரும். சாதாரண 4 சிலிண்டர் எஞ்சினுக்கு 40 முதல் 60 வரை கூட்டலாம் என்பது கிட் தயாரிப்பாளர்கள் சொல்லும் பொதுவான அளவு. 50 கூட்டினாலே ஏறக்குறைய பாதி சக்தியைத் திடீரென்று ஏற்றுகிறோம். பிஸ்டன், கிளட்ச், கியர்பெட்டி எல்லாம் அந்த அடியை ஒரே நேரத்தில் வாங்க வேண்டும். அந்த ‘40 முதல் 60’ என்பதும் நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினுக்குத்தான். ஆயில் குடிக்கும் எஞ்சினுக்கு இல்லை.

பொருத்தும் முன் உங்கள் ஃபோர்மேனிடம் செய்யச் சொல்ல வேண்டியவை:

• எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சோதனை. ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

• பெட்ரோல் பம்ப் அழுத்தச் சோதனை. முழு வேகத்தில் அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா?

• ஒன்று அல்லது இரண்டு படி ‘கோல்ட்’ ஆன ஸ்பார்க் பிளக். இந்த வகை பிளக் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும்.

• இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளுவது. 50 குதிரைத்திறனுக்குச் சுமார் 2 பாகை என்பது பரவலான ஆரம்ப அளவு. இறுதி அளவை டைனோவில் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

• பெட்ரோல். ரோன் 95-இல் இந்த விளையாட்டு வேண்டாம். குறைந்தது ரோன் 97.

பொருத்தும்போது எங்கே தவறு நடக்கும்?

பாட்டிலைப் பூட்டில் வைப்பார்கள். தரைவிரிப்பில் ஸ்குரு போட்டு நிறுத்தினால் போதாது. உலோகத் தரையைத் துளைத்து, அடியில் பெரிய வாஷர் வைத்து போல்ட் போட வேண்டும். விபத்தில் 4.5 கிலோ வாயுவோடு ஓர் அலுமினியத் தோங் பின்சீட்டை நோக்கிப் பறந்து வருவதை நினைத்துப் பாருங்கள்.

பாட்டிலுக்குள் திரவத்தை உறிஞ்ச ஒரு குழாய் வளைந்து கீழே போகும். அதனால் பாட்டிலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படுக்க வைக்க முடியாது. வால்வு காரின் முன்பக்கம் பார்த்தபடி, கொஞ்சம் தூக்கலாக, லேபிள் மேலே தெரியும்படி இருக்க வேண்டும். கார் பாயும்போது திரவம் பின்னால் ஒதுங்கும். உறிஞ்சும் முனையும் அங்கேதான் இருக்கும். திருப்பி மாட்டினால் திரவத்துக்குப் பதிலாக வாயு வரும், கலவை நிலையாக நிற்காது.

குழாயைக் காருக்கு அடியில் கொண்டுபோகும்போது எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன், மின் வயர் மூன்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். சொலினாய்டோடு இணைக்கும் முன் குழாயை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். இணைப்புகளில் வெள்ளை டேப் சுற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சரிவான முனை உள்ள இந்த இணைப்புகளுக்கு அது தேவையே இல்லை. கிழிந்த துண்டு உள்ளே போனால் நேராக ஜெட்டில்தான் அடைக்கும். எண்ணெயும் கிரீஸும் நைட்ரஸ் பக்கம் வரவே கூடாது. ஆக்சிஜனோடு அவை சேர்ந்தால் தீ.

மின் இணைப்பில் மூன்று பூட்டுகள் கட்டாயம். ஆக்சிலரேட்டர் முழுசாக மிதிபட்டால்தான் நைட்ரஸ் வர வேண்டும். எஞ்சின் சுமார் 3,000 ஆர்பிஎம் தாண்டிய பிறகுதான் வர வேண்டும். வேக வரம்பைத் தொடும் முன்பே நிற்க வேண்டும். குறைந்த ஆர்பிஎம்மில் விட்டால் நைட்ரஸும் பெட்ரோலும் காற்றுக் குழாயில் தேங்கி, பின்பக்கமாக வெடிக்கும். இந்த வேலையைச் செய்ய ஆர்பிஎம் விண்டோ சுவிட்ச் இருக்கிறது. பட்டனை மட்டும் நம்பாதீர்கள்.

நான்காவது பூட்டு ஒன்றும் இருக்கிறது. பெட்ரோல் அழுத்தம் இறங்கினால் நைட்ரஸைத் தானாக நிறுத்தும் சிறிய சுவிட்ச் அது. பல பழைய கிட்டுகளில் இது இருக்காது. ஆனால் மொத்தக் கிட்டிலும் உங்கள் எஞ்சினின் பக்கம் நிற்கும் பாகம் அதுதான். கட்டாயம் வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் சாலையில் ‘டெஸ்ட்’ பண்ணக் கூடாது. கலவையை அளக்கும் கருவியோடு டைனோவில் ஏற்றுங்கள். அட்டவணையில் இருப்பதிலேயே சிறிய ஜெட் ஜோடியோடு தொடங்குங்கள். ஓட்டம் முடிந்ததும் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் வாகனங்கள் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வாகனத்தின் தொழில்நுட்ப அமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின், அதாவது ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். கடையில் கிட் விற்கிறார்கள் என்பதற்காக அதை மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. சாலையில் பந்தயம் விட்டால் கதை இன்னும் பெரிசாகும். ஆபத்தான முறையில் ஓட்டுவதற்கு அதே சட்டத்தின் 42-ஆவது பிரிவு இருக்கிறது. அபராதத்தோடு சிறையும் உண்டு.

காப்புறுதியை மறந்துவிடாதீர்கள். எஞ்சினை மாற்றியதை நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது அது உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். கார் அப்பா பெயரில் இருக்கிறதா? கடன் இன்னும் முடியவில்லையா? அப்படியென்றால் கார் போனாலும் மாதத் தவணை போகாது. அதைக் கட்டப் போவது யார் என்று முதலில் வீட்டில் பேசுங்கள்.

வேகம் பார்க்க ஆசை என்றால் செப்பாங் பந்தயத் தடம் இருக்கிறது. பொதுமக்கள் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டும் நாட்களும் டிராக் நிகழ்ச்சிகளும் அங்கே நடக்கும். நைட்ரஸ் பொருத்திய காரை அனுமதிப்பார்களா, என்ன பாதுகாப்புச் சாதனம் கேட்பார்கள் என்பதை ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொரு முக்கிய விஷயம்

கார்களுக்கான நைட்ரஸை யாரும் சுவாசிக்கக் கூடாது. விளையாட்டுக்குக்கூட வேண்டாம். சுவாசிப்பதைத் தடுக்கவே சில நிறுவனங்கள் அதில் கந்தக டை ஆக்சைடு கலக்கின்றன. தூய நைட்ரஸும் ஆக்சிஜனுக்குப் பதிலாக நுரையீரலை நிறைத்தால் நொடிகளில் மயக்கம் வரும், உயிரும் போகலாம். அடிக்கடி சுவாசித்தால் உடம்பில் பி12 சத்து வேலை செய்யாமல் போய், நரம்பு பாதிக்கும். திரவம் தோலில் பட்டால் சூடு வைத்தது போலக் கருகும். அதன் கொதிநிலை மைனஸ் 88 பாகை. குழாயைக் கழற்றும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

அப்படியென்றால் வாங்கலாமா, வேண்டாமா?

தினமும் வேலைக்கும் காலேஜுக்கும் போகும் கார் என்றால் வேண்டாம். அந்தக் காசில் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்கள். கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும்.

பந்தயத் தடத்துக்கென்று தனி கார் இருக்கிறது, டைனோ உள்ள பட்டறை தெரியும், எஞ்சின் போனால் தாங்கிக்கொள்ளும் அளவுக்குக் கையில் காசும் இருக்கிறது என்றால் யோசிக்கலாம். அப்போதும் விற்பனையாளரிடம் “எத்தனை குதிரைத்திறன் கூடும்?” என்று ஆரம்பிக்காதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பாட்டிலில் கடைசியாகப் பொறித்த தேதி என்ன? இந்த ஜெட்டுகளுக்கு அட்டவணை இருக்கிறதா? பெட்ரோல் சொலினாய்டைக் கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தீர்கள்?

மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் மேலே பேசலாம். ஒன்றுக்காவது “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.